பழைய நிகழ்ச்சி, இன்றைய ஒளிபரப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இன்று தவறாகத் தெரியும் பகுதிகள் இருந்தாலும் அவற்றை அப்படியே ஒளிபரப்ப வேண்டும் என்றும், எதற்கெடுத்தாலும் மனம் புண்பட்டது என்று சொல்லும் வழக்கம் நாட்டில் பெருகிவிட்டது என்றும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பழைய ஆக்கங்களை அழித்துவிடக் கூடாது என்று அவர் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால், ஓர் ஆக்கத்தை அழியாமல் பாதுகாப்பதையும், அதை மாலை ஏழு மணிக்குக் குழந்தைகள் அமர்ந்திருக்கும் கூடத்தில் நாள்தோறும் ஓடவிடுவதையும் ஒரே செயலாகக் கருதி அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த வேறுபாட்டைப் பற்றியே இக்கடிதம் எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் இரணியலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன்; முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என்னோடு என் தங்கையும் அவளுடைய மகளின் குடும்பமும் இருக்கிறார்கள். தங்கைக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு இடது கால் சூம்பிப்போயிற்று. அந்தக் காலோடு அவள் முந்திரி ஆலைக்குப் போய், நாள் முழுவதும் அமர்ந்து பருப்பில் தோலுரித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தாள். ஊரில் அவளைப் பற்றித் தரக்குறைவாக ஒரு சொல் சொல்பவர் இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். பழைய நகைச்சுவைக் காட்சிகளைத் தொகுத்து வழங்கும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கால் தாங்கி நடக்கும் ஒருவர் வருகிறார். அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, நடையைச் சொல்லியே அழைக்கிறார்கள். அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் பின்னணியில் ஒரு கேலி இசை. எட்டு வயதுப் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவன் பார்வை ஆச்சியின் காலுக்குப் போயிற்று. சிரிப்பு நின்றது. தங்கை மெல்ல எழுந்து, "அடுப்புல பால் வச்சிருக்கேன் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவள் அதைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு பெண் தன் பேரக்குழந்தையின் பார்வையிலிருந்து தன் காலை மறைத்துக்கொள்ள எழுந்து போனதைப் பார்த்த எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதே காட்சி மறுநாள் பகலில் மீண்டும் வந்தது. அந்த வாரத்திற்குள் மூன்றாம் முறையும் வந்தது.

"மறுபடி மறுபடி" என்பதைத்தான் இந்த விவாதத்தில் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று எண்ணுகிறேன். 1985-இல் திருவனந்தபுரம் தூரதர்ஷன் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், எங்கள் பக்கத்தில் வசதியுள்ள ஒருசில வீடுகளில் ஆன்டெனாவை வடமேற்கே திருப்பி வைத்து, மொழி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தெருவே கூடிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. தமிழில் ஒரு நகைச்சுவை நாடகம் காண வேண்டுமானால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; பார்த்ததை மீண்டும் பார்க்க வழியில்லை. 1993-இல் முதல் தனியார் தமிழ் அலைவரிசை வந்து, கேபிள் கம்பி கிராமங்களுக்குள் நுழைந்து, 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் குடிசை வீட்டிலும் பெட்டி வந்து அமர்ந்தது. இன்று நாள் முழுவதும் நகைச்சுவை மட்டுமே ஒளிபரப்பும் அலைவரிசைகள் இருக்கின்றன. இருபத்துநான்கு மணி நேரத்தையும் புதிய ஆக்கங்களால் நிரப்ப முடியாது. ஆகவே முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய காட்சிகளை ஐந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கி, விளம்பரங்களுக்கு இடையே நிரப்பப் பயன்படுத்துகிறார்கள். அன்று ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறை பார்த்த கேலியை, இன்று ஒரு குழந்தை பத்து வயதுக்குள் நூறு முறை பார்க்கிறது.

இவ்வாறு நறுக்கும்போது மற்றொன்றும் நடக்கிறது. முழுக் கதையில், கேலி செய்தவன் பின்னால் வெட்கித் தலைகுனிந்திருக்கலாம். கேலிக்கு ஆளானவர் கதையின் நல்ல மனிதராக இருந்திருக்கலாம். துண்டில் அது எதுவும் வருவதில்லை. அடியும் வசையும் சிரிப்பொலியும் மட்டும் எஞ்சுகின்றன. பழைய ஆக்கங்களை அவற்றின் காலப் பின்னணியோடு பார்க்க வேண்டும் என்று தங்கள் வாசகர் எழுதியிருந்தார். மிகவும் சரியான கருத்து. அந்தப் பின்னணியை முதலில் வெட்டி எறிவது இந்தத் துண்டுக் காட்சி நிகழ்ச்சிகள்தான் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

"அந்தக் காலத்தில் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பது அடிக்கடி சொல்லப்படும் வாதம். தவறாக எடுத்துக்கொண்டவர்கள் எங்கே போய்ச் சொல்லியிருக்க முடியும் என்பதே என் கேள்வி. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பெண், திக்குவாய் உள்ள மாணவன், தன் பிறப்பை ஓர் எண்ணால் குறித்து ஏளனம் செய்யக் கேட்ட திருநங்கை, வலை இழுக்கும் தந்தையின் தொழிலை நாற்றம் என்று சொல்லச் சிரிக்கும் கூட்டத்தில் அமர்ந்திருந்த கடற்கரைப் பிள்ளை ஆகியோரின் கடிதம் எந்த அலைவரிசையின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? என் வகுப்புகளில் முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்தார்கள். தொலைக்காட்சியில் வந்த ஒரு பாத்திரத்தின் பெயர் திங்கட்கிழமை காலையில் அவர்களில் ஒருவன் மேல் ஒட்டிக்கொள்ளும். பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்துப் போகும் வரையில் அது உரியாது. ஆசிரியையாக நான் கண்டித்து அடக்கியது வகுப்பறைக்குள் மட்டுமே. அந்தப் பிள்ளைகள் எவரும் மனம் புண்பட்டதாக என்னிடம் வந்து சொன்னதில்லை. மூன்று பேர் பள்ளியை மாற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குப் "பழைய வழக்கம்" என்ற சொல் எவ்வளவு எடை உடையது என்பது தெரியும். திருவிதாங்கூர் அரசின் கீழ் எங்கள் ஊர்களில் தாழ்ந்தவை என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் மேலாடை அணிவது வழக்கத்துக்கு விரோதம் என்று சொல்லித் தடுக்கப்பட்டார்கள். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின்னர் 1859 ஜூலை 26-இல்தான் அரசின் அறிவிப்பு வந்தது. தலையில் துணி கட்டக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகையோடு வந்து வழிபடுமாறு சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் சொன்னதன் பொருளை, இன்றும் அங்கு வழிபடச் செல்லும் ஒவ்வொருவரும் அறிவர். ஒரு நகைச்சுவைக் காட்சியை அந்தக் கொடுமைகளோடு சமமாக வைக்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். ஆனால், "காலங்காலமாக இப்படித்தான், யாரும் குறை சொன்னதில்லை" என்ற விடையை எங்கள் முன்னோர் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்பது, அதே விடையை இப்போது கேட்கும்போது என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

எடுத்த காலம் பழையது என்பதால் ஒளிபரப்பும் பழையதாகிவிடாது. ஒவ்வொரு நாளும் ஒருவர் அலுவலகத்தில் அமர்ந்து, எந்தக் காட்சியை எந்த மணிக்கு வைப்பது என்று பட்டியலிடுகிறார். வேறொருவர் அதற்கு முன்னும் பின்னும் வரும் விளம்பர நேரத்தை விற்கிறார். 1988-இல் அந்தக் காட்சியை எழுதியவர் தம் காலத்தின் அறிவோடு எழுதினார் என்று நாம் மன்னித்துவிடலாம். இன்று அதைப் பட்டியலில் சேர்ப்பவர் இன்றைய அறிவோடுதான் சேர்க்கிறார். அவருக்கு அந்த மன்னிப்பைக் கடன் கொடுக்க இயலாது.

நான் என் குறையை உரிய முறையில் தெரிவிக்காமல் இதை எழுதவில்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பார்வையாளரின் புகாருக்கு அலைவரிசை பதினைந்து நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவில் நிறைவில்லாதவர் அலைவரிசைகளின் தன்னொழுங்கு அமைப்பிடமும், அதற்கும் மேல் ஒன்றிய அரசின் குழுவிடமும் செல்லலாம். அந்த அலைவரிசையின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. அவர்களுக்கு நான் தமிழில் எழுதினேன். கிடைத்த ஒரே பதில் ஆங்கிலத்தில், இரண்டு வரிகளில் இருந்தது: அந்தக் காட்சி ஏற்கெனவே தணிக்கைச் சான்று பெற்ற திரைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஆகவே விதிமீறல் ஏதும் இல்லை. மேல்முறையீடு செய்வது எப்படி என்று அறிய முயன்றபோது படிவமும் விளக்கமும் ஆங்கிலத்திலேயே கிடைத்தன. தங்கை மகளின் உதவியோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். என் தங்கையைப் போன்ற ஒருவர் தனியாக இந்த வழியில் எத்தனை படி ஏற முடியும்?

"ஏற்கெனவே சான்று பெற்றது" என்ற அந்தப் பதிலைச் சற்று ஆராய வேண்டும். திரைப்படச் சான்றிதழ் காலவரையின்றிச் செல்லும் என்பதை 2023-ஆம் ஆண்டின் திரைப்படத் திருத்தச் சட்டம் உறுதிப்படுத்தியது. அதே சட்டம்தான் 'யுஏ' சான்றிதழை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என மூன்று படிகளாகப் பிரித்து, எந்த வயதுக் குழந்தைக்கு எது தகும் என்று பெற்றோருக்குச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. இதன் விளைவு என்னவென்றால், இன்று எடுக்கப்படும் ஒரு படத்திற்கு வயதுப் படி வகுக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அன்றைய அளவுகோலில் 'யு' பெற்ற படமோ எந்தக் கேள்வியும் இன்றி எல்லா நேரத்திலும் வரலாம். நம் தொலைக்காட்சியில் இன்று குழந்தையின் கண்ணுக்கு மிகக் குறைவான சோதனையோடு வந்து சேர்வது பழைய ஆக்கமே. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட பழைய தொடர்களுக்கும் நகைச்சுவை நாடகங்களுக்கும் அந்தச் சான்றிதழும் கிடையாது. திரைப்படத் தணிக்கைக் குழுவின் முன்தணிக்கை அவற்றுக்கு இருந்ததில்லை. நிகழ்ச்சிகளுக்கான விதித்தொகுப்பு ஒன்றே அவற்றுக்குக் கட்டுப்பாடு. பெண்களை இழிவுபடுத்துவதும், குழந்தைகளை இழிவுபடுத்துவதும், குறிப்பிட்ட இனத்தாரையும் மொழியினரையும் வட்டாரத்தினரையும் ஏளனமாகச் சித்திரிப்பதும் கூடாது என்று அந்தத் தொகுப்பு சொல்கிறது. குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குத் தகாதவற்றைக் காட்டக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. பழைய நிகழ்ச்சிகளுக்கு இவை பொருந்தா என்று எங்கும் எழுதப்படவில்லை. கணவன் அறைந்தவுடன் மனைவி திருந்திவிடுவதாகக் காட்டும் பழைய தொடர்கள் பிற்பகலில் மறு ஒளிபரப்பாகும்போது இந்த விதி எங்கே போகிறது?

வட்டார ஏளனம் என்றதும் எங்கள் மாவட்டத்தார்க்கு ஒரு தனிக் குறை உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் பேச்சும், எல்லை தாண்டி வருபவரைப் பற்றிய கேலியும் பல பழைய நிகழ்ச்சிகளில் வெறும் சிரிப்புப் பொருளாகவே வந்திருக்கின்றன. மலையாளப் பெண் என்றாலே ஒழுக்கத்தைக் குறித்த ஒரு குறிப்புச் சிரிப்பு. விளவங்கோடு வட்டத்தில் இரு மொழி பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்த வீட்டில் இருக்கின்றன. அவர்களும் இதே அலைவரிசைகளைத்தான் பார்க்கிறார்கள்.

பிற நாடுகள் இதே கேள்வியை எதிர்கொண்டு தடுமாறியும் தெளிந்தும் வந்திருக்கின்றன. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக ஆடிப்பாடும் ஒரு நிகழ்ச்சியைப் பிரிட்டனின் பிபிசி 1958 முதல் 1978 வரை இருபது ஆண்டுகள் நடத்தியது. 1967-லேயே அதை நிறுத்தும்படி மனு கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் விரும்பிப் பார்க்கிறார்கள் என்பதே அன்று அதைத் தாங்கிப் பிடித்த வாதம். 2020-இல், 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதியை, இனவெறிச் சொற்கள் இருப்பதாகக் கூறி ஓர் இணைய ஒளிபரப்பு நிறுவனம் நீக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் முன்னறிவிப்போடு மீண்டும் சேர்த்தது. அந்த வசைச் சொற்களைப் பேசும் பாத்திரத்தையே அத்தொடர் கேலி செய்தது என்பதால், நீக்கியது பிழை என்றே நானும் கருதுகிறேன். அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் இந்தியக் கடைக்காரராக வரும் அப்பு என்ற பாத்திரம் நம்மவர்களுக்கு நெருக்கமானது. அந்தப் பாத்திரத்தின் பேச்சைச் சொல்லிச் சொல்லி இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பள்ளிகளில் கேலி செய்யப்பட்டார்கள். அதற்குக் குரல் கொடுத்து வந்த வெள்ளையின நடிகர் 2020-இல் இனி அப்பாத்திரத்திற்குக் குரல் தருவதில்லை என்று அறிவித்தார். நம் பிள்ளைக்கு அயல்நாட்டில் நேர்ந்ததைக் கேட்டு நமக்கு வலித்தது. கேலிக்கு ஆளான நம்மூர்ப் பிள்ளைக்கும் அதே வலிதான் இருக்கும்.

இனி, என் கருத்துக்கு எதிரான வாதங்களில் என்னை உண்மையிலேயே கலங்க வைக்கும் ஒன்றுக்கு வருகிறேன். எது தகாதது என்று முடிவு செய்பவர் யார்? இந்தக் கதவைத் திறந்துவிட்டால், செல்வாக்குள்ள சாதிச் சங்கமும் அரசியல் கட்சியும் மதத்தின் பெயரால் பேசுவோரும் தமக்குப் பிடிக்காத ஒவ்வொன்றையும் நிறுத்தச் சொல்லி அதே கதவின் வழியாக நுழைந்துவிடுவார்கள் என்று தங்கள் வாசகர் அஞ்சுகிறார். அந்த அச்சம் எனக்கும் உண்டு. இடஒதுக்கீட்டைப் பற்றிய ஒரு தமிழ்த் திரைப்படத்தின் வழக்கில், ஆர்ப்பாட்டம், ஊர்வலம், வன்முறை மிரட்டல் ஆகியவற்றுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. தமிழ் நாவலாசிரியர் ஒருவரைத் துரத்தியடித்த விவகாரத்தில், பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்ற கருத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் அவருக்கு அரணாக நின்றது. இவ்விரு தீர்ப்புகளையும் நான் போற்றுகிறேன். நான் கேட்பது இவற்றுக்கு முரணானது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏனெனில் சிரிப்பு யாரை நோக்கிப் பாய்கிறது என்பதைக் கண்டறிவது அப்படியொன்றும் அரிதான கலை அன்று. எங்கள் தேரூரில் பிறந்த கவிமணி, உழைத்த தந்தையின் சொத்து பெற்ற பிள்ளைக்குச் சேராமல் மருமக்களுக்கு, அதாவது அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும் முறையை எள்ளி நகையாடி ஒரு நெடும்பாட்டு இயற்றினார். சொத்தை ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கு அது உறைத்தது. மனம் புண்பட்டவர்கள் ஊரில் நிறையவே இருந்திருப்பார்கள். 1926-இல் அந்த முறையை மாற்றும் சட்டமும் வந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், மூடப் பழக்கங்களையும் போலித்தனத்தையும் சிரிப்பால் சாடியதற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். பழக்கத்தையும் பதவியையும் நம்பிக்கையையும் பணத்தையும் பார்த்துச் சிரிக்கும் பழைய நிகழ்ச்சிகள் எவ்வளவு காரமாக இருந்தாலும் ஓடட்டும். யார் சினந்தாலும் ஓடட்டும். ஒருவர் மாற்றிக்கொள்ள முடியாத உடலையும் நிறத்தையும் பிறப்பையும் பார்த்துச் சிரிப்பதுதான் நான் சொல்வது. இரண்டுக்கும் நடுவே ஐயத்துக்குரிய காட்சிகளும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்விடங்களில் காட்சியின் பக்கம் சாய்ந்து விட்டுவிடலாம். ஆனால் என் தங்கையை எழுப்பி அனுப்பிய காட்சியில் ஐயத்துக்கு எந்த இடமும் இல்லை.

இதே வேறுபாட்டை உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலை 8-இல் வழங்கிய தீர்ப்பில் எடுத்துரைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது குறித்த அவ்வழக்கில், அவர்களைத் தாழ்த்தி முடக்கும் நகைச்சுவை வேறு, அவர்களின் வாழ்வைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும் நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்றும், அவர்களைப் பற்றி எடுக்கும்போது அவர்களையே கலந்துகொள்ள வேண்டும் என்றும் வழிகாட்டியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பொதுவெளியில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. யாரையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் விரும்பவில்லை. தெருவில் ஒருவர் சொன்னால் குற்றமாகக்கூடிய சொல்லை, பழைய காட்சி என்ற பெயரில் மாநிலம் முழுவதும் ஒலிக்கவிடுவதில் உள்ள முரணை மட்டுமே சுட்ட விரும்புகிறேன். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லையே அரசு கைவிட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. பாடநூலில் நாங்கள் மாற்றிக் கற்பித்த சொல்லைப் பிள்ளை வீட்டுக்கு வந்தவுடன் தொலைக்காட்சி திருத்திவிடுகிறது.

அவ்வாறாயின் என்ன செய்யலாம்? காட்சிகளை வெட்டுவதையும், சொல்லுக்கு மேல் ஓர் ஒலியைப் போட்டு மூடுவதையும் நான் ஆதரிக்கவில்லை. ஒலியால் மூடிய சொல்லைத்தான் பிள்ளைகள் தேடிப் பிடித்துக் கற்றுக்கொள்கிறார்கள். வெட்டிய படம் நாளைய ஆராய்ச்சியாளருக்கு நம் காலத்தைப் பற்றிப் பொய் சொல்லும். நாம் எப்படிப்பட்டவர்களாக இருந்தோம் என்பதற்கு அந்தக் காட்சிகள் சான்று. பிபிசி நிறுவனம் 1960-களிலும் 70-களிலும் எத்தனையோ நிகழ்ச்சிகளின் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டு, பின்னாளில் அவற்றின் படிகளைத் தனியார் வீடுகளிலும் அயல்நாடுகளிலும் தேட வேண்டியதாயிற்று. அந்த நிலை தமிழுக்கு வேண்டாம். முழுப் படமாகவோ முழுத் தொடராகவோ, இரவு பிந்திய நேரத்தில், தொடக்கத்தில் ஓர் அறிவிப்போடு அவற்றைக் காட்டலாம். அலைவரிசைகள் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறையிலேயே இரவு பதினொரு மணி முதல் காலை ஐந்து மணி வரை தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. புகை, மது பற்றிய எச்சரிக்கையை அடியில் எழுதும் நம் அலைவரிசைகளுக்கு, இதில் வரும் சில சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று தமிழில் ஒரு வரி எழுதவும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதை வாய்விட்டுச் சொல்லவும் இயலாததா? பகலிலும் மாலையிலும் ஓடும் துண்டுக் காட்சித் தொகுப்புகளிலிருந்து மட்டும் உடலையும் நிறத்தையும் பிறப்பையும் கேலி செய்யும் காட்சிகளை விலக்கிவிட வேண்டும். அவற்றை விலக்கினால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது என்று சொல்வார்களேயானால், தமிழ் நகைச்சுவையை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றே பொருள். நாடக மேடையிலிருந்து வந்த சொல் விளையாட்டுகளும், கணவன் மனைவி சம்பாஷணைகளும், அலுவலகக் குளறுபடிகளும், வீட்டு வாடகைத் தகராறுகளும் இன்னும் நூறாண்டு ஓட்டினாலும் தீராத அளவுக்கு இருக்கின்றன.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, தொலைக்காட்சியில் மட்டும் நிறுத்தி என்ன பயன் என்றும் கேட்கப்படுகிறது. இணையத்தில் ஒருவர் தேடிப் போய்ப் பார்க்கிறார். கூடத்துத் தொலைக்காட்சியில் தேடாதவர் மீதும் அது வந்து விழுகிறது. அலைவரிசையை மாற்றிவிடலாமே என்போருக்கு ஒன்று சொல்வேன். தொலையியக்கி பெரும்பாலும் கேலிக்கு ஆளாகிறவரின் கையில் இருப்பதில்லை.

அந்தப் பழைய காட்சிகளில் நடித்தவர்களைப் பற்றியும் எண்ணிப் பார்க்கிறேன். குள்ளமான உருவமோ கருத்த நிறமோ கொண்ட எத்தனையோ கலைஞர்கள், அடி வாங்கும் பாத்திரம் தவிர வேறு கிடைக்காத காலத்தில், அந்தக் கேலியைத் தாங்கித் தம் குடும்பத்தைக் காத்தார்கள். அவர்களின் திறமையை நான் மதிக்கிறேன். அவர்கள் அடிபடாத காட்சிகளும் உண்டு. பாடிய, ஆடிய, நெஞ்சுருக நடித்த காட்சிகளும் உண்டு. அவற்றைத் தேடி எடுத்துப் போடுங்கள் என்று அலைவரிசையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தங்கள் நாளிதழில் நாள்தோறும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் வெளியாகிறது. அந்தப் பகுதியின் ஓரத்தில், வாரத்திற்கு ஒரு முறையாவது, ஒவ்வொரு தமிழ் அலைவரிசையின் புகார் அலுவலருக்கும் எழுத வேண்டிய முகவரியையும், பதினைந்து நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்து யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் தமிழில் வெளியிட முடியுமா? புகாரைத் தமிழில் ஏற்றுத் தமிழில் பதில் தரும்படி அலைவரிசைகளை வலியுறுத்தித் தாங்கள் ஒரு குறிப்பும் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும். என் மேல்முறையீட்டுக்கு விடை வந்ததும் அதன் படியைத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
இரணியல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.